இல்லாட்டி எது?

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கரம்பொனிலிருந்து போனில் கூப்பிட்டு, "அந்தப் பேர் இல்லாட்டி வேறை எந்தப் பேர் போட்டிருப்பீர்?" என்று கேட்பார். என்னிடம் வேறு பெயர் இல்லை.

நெடுந்தீவு இறங்குதுறைக்கு எதிரே எனக்கு ஒரு கடை. தேத்தண்ணியும் பலசரக்கும். அக்கா சாமான் கேட்பதே தனி மாதிரி. "மைசூர்ப் பருப்பு அரைக்கிலோ. இல்லாட்டிப் பயறு. அதுவும் இல்லாட்டி ஒண்டும் வேண்டாம், நான் கீரை ஆயிறன்." பருப்பு மூட்டை என் முதுகுக்குப் பின்னால் தெரிந்துகொண்டிருக்கும். ஆனாலும் மூன்றையும் சொல்லித்தான் முடிப்பார். எங்கள் தீவுக்கு எல்லாம் கடலால் வருகிறது. கடல் கொந்தளித்தால் நினைத்தது வராது. ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவன் வெறும் பையோடு போவான். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அக்கா ஒருவர்தான் அதை ஒரு கொள்கையாக வைத்திருந்தார்.

கொள்கை என்றால் வீட்டோடு நிற்காது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: "இல்லாட்டி எது?" மகனை டொக்டராக்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், இல்லாட்டி? மாடு வாங்கப்போகிறேன் என்றால், இல்லாட்டி? தன் தங்கச்சி மகளைப் பெண்பார்க்க வேலணையிலிருந்து வந்தவர்கள் பலகாரத்தில் கை வைத்த நேரத்தில், மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, இந்தப் பிள்ளை சரிவராட்டி?" என்று கேட்டார். பெடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்ச நாள் சும்மா இருப்பன்" என்றான். அக்கா தங்கச்சியிடம் திரும்பி, "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, குடுக்கலாம்" என்றார். கொடுத்தார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள்.

தன் கலியாணத்தைப் பற்றியும் அப்படித்தான். அவருடைய மனிசன், எங்களுக்கெல்லாம் அத்தான், பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார்: "எனக்கு இவர் ரண்டாவது. முதலாவது கனடாவுக்குப் போயிட்டுது. ரண்டாவதுதான் இருந்து மாடு கட்டுது." அத்தான் மெல்லிய மனிதர், மெல்லிய குரல். அவர் தலையாட்டுவார். "எனக்கு இவ மூண்டாவது" என்பார். "இடையிலை ஒண்டு நிராகரிக்கப்பட்டது."

இந்தப் பாஷை அவர்களுக்குத் தேர்தலிலிருந்து வந்தது. தேர்தல் என்றால் முதல்நாளே வாக்குப் பெட்டிகளோடு உத்தியோகத்தர்கள் வள்ளத்தில் வந்து பள்ளிக்கூடத்தில் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைப்பது அக்கா. நண்டுக் குழம்பும் புட்டும் சாப்பிட்ட மனிதர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவார்கள். ஒரு வயதான தலைமை அலுவலர்தான் சனாதிபதித் தேர்தல் சீட்டை அவருக்கு விளங்கப்படுத்தினாராம். ஒருவருக்கு ஒன்று, அவர் இல்லாவிட்டால் இன்னொருவருக்கு இரண்டு, அவரும் இல்லாவிட்டால் மூன்று. முதலாம் எண்ணிக்கையில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முன்னுக்கு நிற்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டுகளில் இரண்டையும் மூன்றையும் பார்ப்பார்கள்.

"அப்ப அரசாங்கமும் என்னை மாதிரித்தான் கடைக்குப் போகுது" என்றாராம் அக்கா.

"சட்டத்திலை கிடக்கு அம்மா. ஆனால் இண்டைவரைக்கும் ரண்டாவதை எண்ண வேண்டி வந்ததில்லை. சனமும் போடுறதில்லை" என்றாராம் அலுவலர்.

"நான் போடுவன். ஒருநாளைக்கு எண்ணுவினம்."

அன்றிலிருந்து போட்டார். ஒவ்வொரு தடவையும் மூன்றும் போட்டார். ஒரு தடவையும் எண்ணப்படவில்லை.

என் கடை வாங்குப் பலகையில் இருந்து இதைப்பற்றி அவரோடு மல்லுக்கட்டுகிறவர் எங்கள் படகுச் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. அவருக்கு விகிதாசாரமும் பிடிக்காது, விருப்பு வாக்கும் பிடிக்காது. பழைய தொகுதி முறைதான் முறை.

"முன்னுக்கு வந்தவன் வெண்டவன். அவ்வளவுதான். குதிரை ஓட்டத்திலை ரண்டாவது குதிரையை ஆர் பிள்ளை கேக்கிறது?"

"அண்ணை, குதிரை தன்ரை பாட்டுக்கு ஓடுது. நாங்கள் அதுக்குப் பின்னாலை அஞ்சு வருசம் போறதில்லை. பத்துப்பேர் நிண்டு, நூறிலை இருபது எடுத்தவர் வெண்டார் எண்டால், மிச்சம் எண்பதும் என்ன சொன்னது?"

"தோத்தம் எண்டு சொன்னது."

"இல்லை. ஆரை வேண்டாம் எண்டு சொன்னது. அதை எழுத அந்தச் சீட்டிலை இடம் இல்லை."

தலைவர் என்னைப் பார்ப்பார். நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால் நானும் அக்காவை நம்பவில்லை. எனக்கு ஒரு கடைக்காரனின் கணக்கு. இரண்டாவது கடையையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவனை எந்தக் கடைக்காரன் முழு வாடிக்கையாளன் என்று நினைப்பான்? ஒன்று போட்டு, பக்கத்தில் இரண்டும் போட்டால், போட்ட ஒன்றின் பலம் கொஞ்சம் குறையும் என்றுதான் என் மனதுக்குப் பட்டது. ஒருநாள் அதைச் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை.

"ரண்டாவது முதலாவதைத் தின்னாது தம்பி. முதலாவது செத்தாப் பிறகுதான் ரண்டாவது வாய் திறக்கும்."

அழகாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

அக்காவின் படிப்பித்தலால் ஒருமுறை பெரிய கேடும் வந்தது. பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் தலைவர் போட்டியிட்டார். அதிலே ஒரே ஒரு புள்ளடி, அந்தப் பெருக்கல் குறி, அதுதான் போட வேண்டும். பாராளுமன்றம் என்றால் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களுக்கு மூன்று வரை. சனாதிபதி என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே சனம், ஒரே பென்சில், மூன்று மாதிரி. அக்கா வீடு வீடாகப் போய் ஒன்று இரண்டு மூன்று படிப்பித்திருந்த எங்கள் ஒழுங்கைச் சனம், அந்தச் சின்னத் தெரு முழுக்க, பிரதேச சபைச் சீட்டிலும் மூன்று கட்சிக்கு நேரே வடிவாக ஒன்று, இரண்டு, மூன்று எழுதிவிட்டு வந்தது. எல்லாம் நிராகரிக்கப்பட்டது. தலைவர் சொற்பத்தில் தோற்றார். இலங்கையில் வேறு எங்கேயும் ஒரு முழு ஒழுங்கை சேர்ந்து இவ்வளவு யோசித்துச் செல்லாத வாக்குப் போட்டிருக்காது.

தலைவர் ஒரு கிழமை என் கடைக்கு வரவில்லை. பிறகு வந்தார், சபை உறுப்பினராக. ஏனென்றால் அந்தத் தேர்தல் கலப்பு முறை. வட்டாரத்தில் வென்றவர்கள் ஒரு பங்கு, கட்சி எடுத்த மொத்த வாக்குக்கு ஏற்றபடி பட்டியலால் வருகிறவர்கள் இன்னொரு பங்கு. கட்சி அவரைப் பட்டியலால் எடுத்தது. வென்றவரும் தோற்றவரும் ஒரே வரிசைக் கதிரையில் இருந்தார்கள்.

"பின்கதவாலை உள்ளுக்குப் போயிட்டியள்" என்று வாங்கில் யாரோ சீண்டினார்கள். காலம் முழுக்க விகிதாசாரத்தைத் திட்டியவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் காப்பாற்றினார்.

"அது பின்கதவு இல்லை. ரண்டாவது கதவு. வீட்டுக்கு ஒரு வாசல் காணாது."

மாகாண சபைக்கு எந்த முறை என்று மேலே இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது முடியாததால் தேர்தலே இல்லை என்று நான் பத்திரிகையில் வாசித்துச் சொன்னபோது மட்டும் அக்காவின் கேள்வி மாறியது. "எப்பிடி எண்ணுறது எண்டு முடிவெடுக்கிறதை எப்பிடி எண்ணுவினம்?" என்று கேட்டார்.

இனி வள்ளத்தின் கதை.

அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முறை. பிந்தினால் அந்தக் கட்டில் அடுத்தவருக்கு. அந்தக் காலத்தில்தான் சங்கத்துக்குக் காலையில் ஒரு வள்ளம் எதிர்க்கரைக் குறிகட்டுவான் துறைக்கு ஓட்ட அனுமதி கிடைத்தது. எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். ஆறு மணி என்றால் அத்தான் ஏழுக்குக் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் எட்டரைக்கு ஆஸ்பத்திரி. ஏழரை என்றால் அவர் போய்ச் சேரப் பத்து மணி. முறை போய்விடும். இது தீவுக்கே தெரியும்.

ஆனால் ஏழரை கேட்டவர்களுக்கும் காரணம் இருந்தது. பால் கறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒப்பீசு, வங்கி, சந்தை என்று போகிற சனம். ஒன்பது மணி கேட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள். ஒன்பது என்றால் சனம் வள்ளத்துக்குக் காத்திருந்து என் கடையில் தேத்தண்ணியும் வடையும் சாப்பிடும். என் காரணம் இவ்வளவுதான். ஒளிக்க ஒன்றுமில்லை.

சங்கத்தில் எதையும் கை தூக்கித் தீர்மானிக்கக்கூடாது, ஒன்று இரண்டு மூன்று என்று எழுதித்தான் தீர்மானிக்க வேண்டும் என்று முதல் வருடமே அக்கா சங்க யாப்பு விதிகளில் சேர்ப்பித்திருந்தார். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லாவிட்டால் கடைசியை விலக்கி அதன் இரண்டாவதை எண்ணுவது. முடிவில் இரண்டும் சமமாக வந்தால், முதல் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றது வென்றது. இதுவும் அவர் எழுதினதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட மண்டபம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அக்கா பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று மணிக்கூடு கீறியிருந்தார். ஆறு, ஏழரை, ஒன்பது. எண்பது சீட்டு, இருநூற்று நாற்பது மணிக்கூடு. ஒன்றிலும் முள் பிசகவில்லை. எதிலும் ஆறு மணி மற்றதைவிடப் பெரிதாகவும் இல்லை. நான் பார்த்தேன்.

பேனை குறைவாக இருந்தது. என் சட்டைப் பையில் கடையில் விலை எழுதும் பேனை இருந்தது. ஒன்பது மணிக்கு நேரே ஒரு புள்ளடி போட்டேன். ஆறு மணியின் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தேன். இரண்டு என்று எழுதலாம் என்று கை போனது. எழுதினால் என் ஒன்பது மெலிந்துபோகும் என்று பட்டது. மடித்துப் போட்டுவிட்டேன்.

தலைவர் வாசிக்க, அக்கா அடுக்கினார். நடுவில் தலைவர் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு திணறினார்.

"இதிலை இலக்கம் இல்லை. 'அவ சொல்லுறது' எண்டு எழுதிக் கிடக்கு."

மண்டபம் முழுக்கத் திரும்பி அத்தானைப் பார்த்தது. அத்தான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"இலக்கமும் இல்லை, புள்ளடியும் இல்லை. செல்லாது" என்று அக்கா அதைத் தனியே வைத்தார்.

செல்லுபடியான சீட்டு அறுபது. ஆறு மணிக்கு இருபத்தேழு. ஏழரைக்குப் பத்தொன்பது. ஒன்பதுக்குப் பதினான்கு.

தலைவர் எழும்பினார். "இருபத்தேழு. ஆறு மணி. முடிஞ்சுது, எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ." அவர் அக்காவைப் பார்க்காமல்தான் சொன்னார். அவர் செய்தது நல்ல மனதோடு செய்தது. சனமும் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பத் தொடங்கிவிட்டது. ஏழரைக்காரரும் சேர்ந்துதான் எழும்பினார்கள். அத்தானின் வீங்கின கால் எல்லோருக்கும் தெரியும்.

"இருங்கோ" என்றார் அக்கா. "அறுபதிலை இருபத்தேழு பாதி இல்லை."

"விடு பிள்ளை" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

"முப்பத்திமூண்டு பேர் வேறை நேரம் கேட்டிருக்கினம் அண்ணை. அவை என்ன சொன்னவை எண்டு இன்னும் பாக்கேல்லை."

"பாத்தா உனக்குத்தானே நட்டம்?"

"அது பாத்தாப் பிறகுதான் தெரியும்."

ஒன்பது மணியை விலக்கினார். அந்தப் பதினான்கு சீட்டையும் ஒவ்வொன்றாக விரித்தார். ஏழரை, ஏழரை, ஆறு, ஏழரை. ஒரு சீட்டில் மட்டும் கை நின்றது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதிலை ரண்டாவது இல்லை" என்று சொல்லி ஓரமாக வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. பதினொன்று ஏழரைக்கு, இரண்டு ஆறுக்கு.

ஏழரை முப்பது. ஆறு இருபத்தொன்பது.

ஒன்றால். ஓரமாக வைத்த அந்தச் சீட்டில் ஆறுக்கு நேரே இரண்டு என்று இருந்திருந்தால் சமம். சமம் என்றால் முதலில் முன்னுக்கு நின்றது, ஆறு மணி. நான் வாங்கில் இருந்த இடத்திலேயே கூட்டிப் பார்த்தேன். பலகாரக் கணக்கைவிட விரைவாக வந்தது.

தலைவர் 'அவ சொல்லுறது' சீட்டை எடுத்தார். "இதைச் சேர்ப்பம். ஆள் ஆர், என்ன சொல்லுறார் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே?"

"தெரியும். ஆனால் எழுதேல்லை."

"உன்ரை மனிசன்ரை உயிர் விசயம்."

"அதாலைதான் அண்ணை" என்றார் அக்கா. "என்ரை மனிசன்ரை சீட்டை நான் சேர்த்தால், பேந்து ஆற்றை சீட்டை ஆர் சேர்ப்பினம் எண்டு சொல்ல ஏலாது. ஏழரை எண்டு எழுதுங்கோ."

எழுதினார்கள். தேத்தண்ணி குடிக்க ஒருவரும் நிற்கவில்லை. அத்தான் மட்டும் குடித்தார். அளந்துதான் குடிக்கலாம், அரைக் கோப்பை.

அதன்பிறகு கிழமைக்கு இரண்டுதரம், முதல்நாள் பின்னேர வள்ளத்திலேயே இருவரும் வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட மண்டைதீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்து, விடிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிழமையில் நாலு நாள் அதில் போனது. மாட்டை யார் பார்ப்பது? முதலில் கன்றுகளை விற்றார்கள், பிறகு தாய்களை. எட்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு கடல் கடக்காமல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய கரம்பொனில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, இங்கே கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த எட்டு மாதமும் அக்கா என் கடைக்கு வந்தார். பருப்பு அரைக்கிலோ என்பார். இருந்தால் வாங்குவார். இல்லாவிட்டால் சரி என்று போய்விடுவார். இல்லாட்டிப் பயறு என்று என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், என்னிடம் மட்டும் நிறுத்திவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

கடைசியாக நடந்த சனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கும் பாதி கிடைக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, மத்தியானத்துக்குப் பிறகு வானொலியில் சொன்னார்கள், இரண்டாம் விருப்பை எண்ணப்போகிறார்கள், இந்த நாட்டில் இதுதான் முதல்தடவை என்று. வாங்கில் இருந்த தலைவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடும் போனை" என்றார்.

எடுத்தேன்.

"அக்கா, எண்ணுறாங்கள்."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். குரலில் ஒரு பெருமையும் இல்லை. "நேற்று நீர் ரண்டாவது போட்டனீரோ?"

"போட்டனான்."

"மூண்டாவது?"

"அதுவும்."

"ஆருக்கெண்டு சொல்லாதையும்."

முடிவு வரும்வரை போனை வைக்காமல் இரண்டு பக்கமும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் முதல் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றவர்தான் வென்றார். தலைவர், "பாத்தியே, நான் சொன்ன குதிரைதான்!" என்று போனுக்குள் கத்தினார்.

"ஓம் அண்ணை. ஆனால் இப்ப பாத்துச் சொல்லுறியள்" என்றார் அக்கா.

தலைவர் வீட்டுக்குப் போன பிறகு நான் திரும்பவும் எடுத்தேன். வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன்.

"அக்கா, அண்டைக்கு ரண்டாவது இல்லாமல் கிடந்த சீட்டு என்ரை."

"தெரியும். நீர் விலை எழுதுற சிவப்புப் பேனை. மண்டபத்திலை ஒரு சிவப்புப் பேனைதான் இருந்தது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"வாக்கு ரகசியம் தம்பி."

அவர்தான் பேச்சை மாற்றினார். கோயில் கொடியேற்றத்துக்கு ஒருக்கா வரலாம் என்று அத்தான் ஆசைப்படுகிறாராம். மெஷின் இல்லாத நாளாகப் பார்த்து வருவார்களாம். வீடு பூட்டிக் கிடக்கிறது, அடுப்பு இல்லை.

"வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கை போறது?" என்று கேட்டார்.

"எங்கடை வீட்டை."



"இல்லாட்டி?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் கேட்கிறார். இந்தமுறை வெறுமனே விட எனக்கு ஏலவில்லை.

"இல்லாட்டியும் எங்கடை வீட்டைதான் அக்கா."

"ஒரே ஆளுக்கு ஒண்டும் ரண்டும் போடக்கூடாது" என்றார் அக்கா. "உது செல்லாது."

அவருக்குப் பின்னாலிருந்து அத்தானின் அந்த மெல்லிய குரல் கேட்டது.

"இஞ்சாரும், அதை எண்ணிப்போடும்."